பக்கத்து சீட்டில் பிரேக் இல்லை

அன்புள்ள பாப்புவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது, எனக்குக் கண் இப்போது தெளிவாகத் தெரிகிறது, அதனால்தான் கையெழுத்து இந்த முறை கோட்டின் மேலேயே நிற்கிறது பார். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். வாரம் இரண்டு முறை போனில் பேசுகிறோமே, இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஹலோ சொல்வதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், கடைசியில் என்னிடம் வரும்போது நீ மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாய், நான் சாப்பிட்டேன் என்கிறேன், அதோடு சரி. இது அந்த இரண்டு நிமிடத்தில் அடங்காது. போன ஞாயிற்றுக்கிழமை நான் ரேஸ் டிராக்கில் கார் ஓட்டினேன். சிரிக்காதே. அம்மா இதற்குள் முந்திக்கொண்டு வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைப் படி.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மேல்வீட்டிலிருந்து நம் குளியலறைக் கூரையில் கசிந்துகொண்டிருந்த தண்ணீர் ஒருவழியாக நின்றது, குழாய்க்காரர் நாலு முறை வந்து நாலு காரணம் சொல்லிவிட்டு ஐந்தாவது முறை சரி செய்தார். உன் அறையில் அம்மா தையல் மிஷினைப் போட்டிருக்கிறாள், உன் புத்தக அலமாரியை யாரும் தொடவில்லை. நான் டிரைவிங் ஸ்கூலை மூடி எட்டு மாதம் ஆகிறது. முப்பத்தொரு வருஷம் காலை ஆறு மணிக்கு யாராவது ஒருவர் கியரைப் போட்டு வண்டியைத் தவளை மாதிரி குதிக்க வைப்பதைப் பார்த்தே பழகியவனுக்கு, ஆறு மணிக்கு வேலை இல்லாமல் இருப்பது எப்படி என்று தெரியவில்லை. பேப்பரைப் படித்து முடித்ததும் அதே பேப்பரை மறுபடி படிக்கிறேன். அம்மா காய் நறுக்கினால் பக்கத்தில் நின்று பார்த்து, மெதுவா என்கிறேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் ஒரு நாள் கத்தியை என் கையில் கொடுத்து, "நீங்களே நறுக்குங்க, நான் போய் உங்க பேப்பரைப் படிக்கிறேன்" என்று போய்விட்டாள்.

இந்த நிலைமையில்தான் மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். அவருக்கு நீதானே 'கிளட்ச்' என்று பேர் வைத்தாய், என்னிடம் கற்றுக்கொண்டபோது மூன்று மாதத்தில் இரண்டு கிளட்ச் தட்டைத் தீய்த்தவர். அந்த மனிதர் இன்றைக்கு ஒரு கார் கிளப்புக்குச் செயலாளர். வருஷத்தில் நாலைந்து முறை ஊருக்கு வெளியே இருக்கிற ரேஸ் டிராக்கை ஒரு நாள் முழுக்க எடுத்து, கிளப்காரர்கள் அவரவர் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கிறார்களாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. புதிதாக வருகிறவர் பக்கத்தில் பழகிய ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தருவார். "சார், ஒரு நாள் சும்மா வந்து ஓட்டிப் பாருங்க, வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போறீங்க" என்றார். நாற்பதுக்கு மேல் போகாதே என்று சில ஆயிரம் பேருக்குச் சொன்ன வாய் இது, எப்படிச் சரி என்று சொல்வது. ஆனால் சமையலறையிலிருந்து அம்மா, "கூட்டிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்" என்று குரல் கொடுத்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன், நான் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவன் என்று அங்கே யாருக்கும் சொல்லக் கூடாது. தப்பாக ஓட்டினால் மானம் போகுமே. அவரும் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

ஏழு மணிக்கே அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டோம். பெரிய வெட்டவெளி, தூரத்தில் மலை, நடுவில் பாம்பு மாதிரி வளைந்து கிடக்கும் தார்ச்சாலை, ஓரத்தில் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. நாற்பது கார் இருக்கும். நான் ஏதோ மைனர் பையன்களின் கூட்டம் என்று நினைத்துப் போனேன், இருந்தவர்களைப் பார்த்தால் பேக்கரிக்காரர், கணக்கு வாத்தியார், பல் டாக்டர், வக்கீல் குமாஸ்தா என்று நம் தெருவில் பார்க்கிற முகங்கள். முதலில் வண்டியைப் பரிசோதித்தார்கள். தடித்த கண்ணாடி போட்ட மெக்கானிக் ஒருவர் டயரைத் தடவினார், பேட்டரியை ஆட்டிப் பார்த்தார், பிறகு வண்டிக்குள் ஆடுகிற பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார். அம்மாவின் குடை, இரண்டு தண்ணீர் பாட்டில், எப்போதோ உருண்டுபோன மூன்று வெங்காயம், 'எல்' போட்ட பழகுநர் அட்டை ஒரு கட்டு, எல்லாம் அத்தனை பேர் முன்னால் வரிசையாகத் தரையில் வந்து உட்கார்ந்தன. கடைசியில் கால்மிதியையும் உருவினார். பக்கத்து சீட்டுக்குக் கீழே இரண்டு ஓட்டை. நான் சொல்லிக்கொடுக்கும்போது மிதிப்பதற்காக அங்கே இரண்டாவது பிரேக் பெடல் ஒன்று இருந்ததே, அதை ஸ்கூலை மூடியதும் கழற்றிவிட்டேன், ஓட்டை மட்டும் மிச்சம். அவர் ஓட்டையைப் பார்த்தார், பழகுநர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓ, நீங்க வாத்தியாரா" என்று சத்தமாகக் கேட்டார். மருந்துக்கடைக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் கொட்டகை முழுக்க எனக்கு வாத்தியார் என்றே பேர் ஆகிவிட்டது.

எனக்குச் சொல்லித்தர வந்தவர் அந்தப் பல் டாக்டர். முப்பத்தைந்து வயது இருக்கும், உன்னைவிட ஒன்றிரண்டு கூட, ஒட்ட வெட்டிய முடி, அதிகம் பேசாதவர். பேசினால் கொஞ்சம் வாயைத் திறங்க என்கிற அதே குரல். அவர் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினார், எனக்கும் ஒன்று கொடுத்தார். நான் அவர் காலடியைப் பார்த்தேன், வெறும் தரை. "டாக்டர், உங்க பக்கம் பிரேக் இல்லையே, நான் தப்பு பண்ணினா என்ன செய்வீங்க" என்று கேட்டேன். "எந்த வண்டியிலயும் இருக்காது சார், சொந்த வண்டிதானே எல்லாரும் கொண்டு வர்றாங்க. எனக்கு இருக்கறது வாய் மட்டும்தான், அதையும் கம்மியாத்தான் யூஸ் பண்ணணும்" என்றார். பெடல் இல்லாத பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முன்பின் தெரியாத ஒருவரை ஓட்ட விடுவது என்பது, உயிரைத் தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி. அதை அவர் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்.

முதல் இருபது நிமிடம் முன்னால் ஒரு கார் வழிகாட்ட, வரிசையாகப் பின்னால் போனோம். வளைவுக்கு முன்னாலேயே நேராக இருக்கும்போது பிரேக் போட்டு முடித்துவிட வேண்டும், வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்தைத் தொட்டு மறுபடி வெளியே வர வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதற்கு ஆரஞ்சு நிறக் கூம்பு வைத்திருந்தார்கள். எல்லாம் புரிந்தது, கைதான் கேட்கவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் என் விரல் தானாகப் போய் இண்டிகேட்டரைப் போட்டது. டாக்டர் இரண்டு சுற்று பொறுத்துவிட்டு, "சார், இங்க எல்லாரும் ஒரே பக்கம்தான் திரும்பப் போறோம்" என்றார். வழிகாட்டிய கார் விலகியதும் பேக்கரிக்காரர் பின்னால் முட்டுகிற மாதிரி ஒட்டி வந்தார், அவருக்கு வழி விடச் சொல்லி ஓரத்திலிருந்து நீலக் கொடி காட்டினார்கள், நான் கையை வெளியே நீட்டிப் போகச் சொன்னேன். இப்படி ஏழு பேருக்குக் கை காட்டினேன். இறங்கி வந்தபோது அம்மா கொட்டகை நிழலில் யாருடனோ பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். "நம்ம வண்டிதான் ரொம்ப மரியாதையான வண்டின்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க" என்றாள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் பாப்பு, உண்மையைச் சொன்னால், ஸ்கூலை மூடிய பிறகு அன்றைக்குத்தான் எனக்கு நன்றாகப் பசித்தது.

இரண்டாவது முறை போனபோது இண்டிகேட்டரைத் தொடவில்லை. நாலு சுற்று ஒழுங்காக வந்ததில் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது என்று நினைக்கிறேன். மூன்றாவது வளைவு நீளமானது, பாதி போன பிறகும் முடிவு தெரியாது. ஐந்தாவது சுற்றில் அதற்குள் வேகமாக நுழைந்துவிட்டேன். நுழைந்த பிறகுதான் ஸ்பீடோமீட்டரைப் பார்த்தேன், என் வாழ்நாளில் பார்க்காத எண். பயத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று முழுசாக எடுத்துவிட்டேன், வளைவின் நடுவில் செய்யவே கூடாத காரியம். வண்டியின் பின்பக்கம் நழுவியது. மலை, வானம், கொட்டகை, மறுபடியும் மலை என்று எல்லாம் ஒரு சுற்று சுற்றி வந்தது. அந்த நேரத்தில் டாக்டர் சொன்னது மூன்றே வார்த்தை, "ரெண்டு காலாலயும் மிதிங்க." கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதித்தேன். புல்லில் இறங்கி, வந்த வழியைப் பார்த்தபடி வண்டி நின்றது. கீறல்கூட இல்லை. என் கை ஸ்டியரிங்கை விடவில்லை. நான் திட்டுக்குக் காத்திருந்தேன். அவர் ஓரத்தில் மற்ற வண்டிகளை எச்சரிக்க மஞ்சள் கொடி பிடித்து நின்றவருக்குக் கட்டைவிரலைக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "சார், மூச்சு விடுங்க. மறந்துட்டீங்க" என்றார். விட்டேன். "இப்ப நியூட்ரல் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. மத்த வண்டி எல்லாம் போகட்டும், அவசரமே இல்ல" என்றார். "உங்களுக்குப் பயமா இல்லையா" என்று கேட்டேன். "இருந்துச்சே. என் பயத்தையும் உங்க மேல தூக்கிப் போட்டா நீங்க எப்படி ஓட்டுவீங்க" என்றார்.

பாப்பு, இந்த இடத்துக்கு வரத்தான் இவ்வளவு பக்கம் எழுதினேன். புல்லில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க மற்றவர்கள் போவதற்காகக் காத்திருந்த அந்த ஒன்றரை நிமிடத்தில் எனக்கு நினைவு வந்தது டிராக் இல்லை, ஆஸ்பத்திரி முன்னால் இருக்கிற நாற்சந்தி. உனக்கு இருபது வயது. நடு ரோட்டில் வண்டி நின்றுவிட்டது, பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை, பின் சீட்டில் அடுத்து ஓட்ட வேண்டிய இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் உன்னைப் பார்த்து உனக்கெல்லாம் எதுக்கு வண்டி, உனக்கு வராது என்று கத்தினேன். நீ சாவியைக் கழற்றி டாஷ்போர்டின் மேல் வைத்தாய், கதவைத் திறந்து இறங்கி, பஸ்ஸுக்கு முன்னாலேயே நடந்து போனாய். அதற்குப் பிறகு இந்தப் பதினான்கு வருஷத்தில் நீ ஸ்டியரிங்கைத் தொடவில்லை, நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஊரில் எல்லோரும் என்னைப் பொறுமைசாலி என்பார்கள், ஒரு வகையில் உண்மையும்கூட, மருந்துக்கடைக்காரர் கிளட்ச்சை எரித்தபோதுகூட நான் குரலை உயர்த்தியதில்லை. அந்தப் பொறுமையில் உனக்கு மட்டும் பங்கு வைக்கவில்லை. அன்றைக்கு என் காலுக்கடியில் பிரேக் இருந்தது பாப்பு. உனக்கோ எனக்கோ ஒன்றும் ஆகியிருக்காது. அதை மிதித்துவிட்டு, பஸ்காரனைப் பார்த்து கொஞ்சம் பொறுத்துக்கப்பா என்று சொல்லியிருந்தால் போதும். எனக்கு அவமானமாக இருந்தது, வாத்தியார் மகளுக்கே வரவில்லை என்று பின் சீட்டுக்காரர்கள் நினைப்பார்களோ என்று. அவ்வளவுதான் காரணம், அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி டாக்டரிடம் போவதாக அம்மாவிடம் சொன்னபோது நான் அந்தப் பக்கம் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு. நீ ஓட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்கிற தகுதி எனக்கு இல்லை. வண்டி உனக்கு வராது என்று நான் சொன்னது பொய், அதை மட்டும் திருத்த வேண்டியிருந்தது. உனக்குக் கையும் கண்ணும் நன்றாகவே ஒத்துழைத்தன, முதல் வாரத்திலேயே நான் பார்த்தேன், சொல்லாமல் இருந்துவிட்டேன்.

டாக்டரிடம் இது எதையும் சொல்லவில்லை. கண்ணாடிக்குள் தூசி போய்விட்டது என்று ஹெல்மெட்டைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டேன், அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மதியத்துக்குப் பிறகு மூன்றாவது முறை போனேன். போக வேண்டாம் என்றுதான் இருந்தது, ஆனால் அவர் தன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார், என்ன செய்வது. இந்த முறை அவர் முழு இருபது நிமிடத்தில் ஏழெட்டு வார்த்தை பேசியிருப்பார், பெரும்பாலும் தூரமா பாருங்க என்பதுதான். அந்த மூன்றாவது வளைவில் ஒரு முறைகூடக் காலை எடுக்கவில்லை, அப்படியே அளவாக வைத்திருந்தேன், வண்டி அதுபாட்டுக்கு நூல் பிடித்த மாதிரி வெளியே வந்தது. கடைசிச் சுற்றில் ஒரு காரை முந்தினேன். வக்கீல் குமாஸ்தாவின் கார், அவருக்கு அன்றைக்கு எஞ்சினில் ஏதோ கோளாறு என்று மருந்துக்கடைக்காரர் பிறகு சொன்னார், அதை நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். ஓட்டம் முடிந்தது என்று காட்டும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடியை எனக்கும் சேர்த்துத்தான் ஆட்டினார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் அம்மாவிடம் வந்து, "அம்மா, என் வண்டியில ஒரு ரவுண்டு வர்றீங்களா" என்று கேட்டார். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். பிஸ்கட் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள். அவருடைய சிவப்பு வண்டி என் வண்டியைவிட இரண்டு மடங்கு வேகம். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன், என் வலது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது வளைவை அவர்கள் கடந்தபோது ஒரு சத்தம் கேட்டது, பயந்து அலறுகிறாள் என்று ஓடினேன். அலறல் இல்லை. சிரிப்பு. ஜன்னல் திறந்திருந்ததால் டிராக் முழுக்கக் கேட்டது. முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் உன் அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. இறங்கி வந்தவள் முடியெல்லாம் கலைந்து ஹெல்மெட்டைக் கழற்றத் தெரியாமல் நின்றாள், நான்தான் வாரை அவிழ்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கலைந்த முடியை முடிந்துகொண்டே வந்தாள். பாலம் தாண்டிய பிறகு, "நானும் கத்துக்கறேன்" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாளைக்கே பெடலைத் திரும்ப மாட்டச் சொல்கிறேன், காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கலாம் என்றேன். "உங்ககிட்ட இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அன்னைக்கு அவ நடந்து வந்ததைக் கதவைத் திறந்து பார்த்தவ நான். அதுக்கப்புறம் உங்ககிட்ட கத்துக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. கத்துக்கவே வேணாம்னும் இருந்துட்டேன்" என்றாள். திங்கட்கிழமை அவளே போய் பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கிற ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். முப்பது வருஷமாக எனக்குப் போட்டிக்காரர் நடத்துகிற ஸ்கூல், அங்கே ஒரு பெண் சொல்லித்தருகிறாளாம். இன்று காலை அவர்கள் வண்டி நம் வாசலுக்கே வந்தது, தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். அம்மா ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள். நான் மாடியில் நின்றேன். வண்டி ஒரு முறை நின்றது, மறுபடி நின்றது, மூன்றாவது முறையும் நின்றது. கிளட்ச்சை அவசரமாக விடுகிறாள் என்று எனக்கு மாடியிலிருந்தே தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை மட்டும் ஒழுங்காக விட்டுக்கொண்டிருந்தேன். நாலாவது முறை கிளம்பியது, தெருமுனையில் திரும்பிப் போய்விட்டாள். இன்னும் வரவில்லை, அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நீண்ட காலம் இருக்க வேண்டும். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே, குழந்தைக்குக் காது மூடுகிற தொப்பி போடாமல் வெளியே கூட்டிப் போகாதே, நீயும் காலையில் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே. இந்தக் கடிதத்துக்கு நீ பதில் போட்டே ஆக வேண்டும் என்றில்லை. போனில் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்றும் இல்லை, வழக்கம்போல் மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டாலே போதும், நான் புரிந்துகொள்வேன். வாசலில் ஹாரன் சத்தம் கேட்கிறது, அம்மா வந்துவிட்டாள் போலிருக்கிறது, போய்க் கதவைத் திறக்கிறேன்.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அப்பா